சான்றிதழோடு முடிவதில்லை பயிற்சி

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பணியாளர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு முறை மனநலப் பயிற்சி அளிக்கவும் அது அறிவுறுத்தியது. வரவேற்கத்தக்க உத்தரவு. ஆனால், 'பயிற்சி பெற்றவர்' என்று யாரைச் சொல்வது என்ற கேள்விக்கு விடை காணாமல் இது முழுப் பயன் தராது.

தேவை பெரிது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டறிந்தது. இத்தனை பேரையும் மனநல மருத்துவர்களே கவனிப்பது இயலாத காரியம். எனவே, குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஆலோசகர்களையும் ஆசிரியர்களையும் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்த நம்பிக்கை எங்கே பலிக்கிறது என்பதற்கு, பிகார் அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு ஒரு சான்று. மாணவர் நலத் திட்டம் ஒன்றைச் சில பள்ளிகளில் உளவியல் பட்டம் பெறாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நடத்தினர். வேறு சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நடத்தினர். ஆலோசகர்கள் பணியாற்றிய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வு அறிகுறிகளும் சக மாணவர்களைத் துன்புறுத்தும் போக்கும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அத்தகைய பலன் கிட்டவில்லை.

இதனால் ஆசிரியர்களைக் குறை கூறுவதற்கில்லை. பாடம், தேர்வு, பதிவேடுகள் ஆகியவற்றுக்கிடையே இன்னொரு சுமையாக மனநலப் பணி வந்து சேர்கிறது. மதிப்பெண் இடுபவரிடமே மனதைத் திறந்து பேசவும் மாணவர் தயங்கக்கூடும். பயிற்சி மட்டும் போதாது. அதைச் செயல்படுத்த நேரமும் உரிய பொறுப்பும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இரண்டு நாள் பயிலரங்கில் நோய்களின் பெயர்களையும் அறிகுறிகளையும் கற்றுக்கொடுத்துவிடலாம். அறிவுரை கூறத் துடிக்கும் நாவை அடக்கிக் கேட்கும் பழக்கத்தை அவ்வாறு கற்பிக்க முடியாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று மாணவரிடம் நேரடியாகக் கேட்பதும், எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெளிவதும் பழகப் பழகவே கைவரும். அனுபவம் மிக்க ஒருவரிடம் வாரந்தோறும் தாம் கையாண்ட நேர்வுகளை விவாதித்துத் திருத்திக்கொள்ளும் மேற்பார்வை முறையே இதற்கு வழி. மருத்துவ உளவியல் பட்ட மேற்படிப்புகளில் இது கட்டாயம். பள்ளி ஆலோசகருக்கு மட்டும் அது ஏன் தேவையில்லை?

குடும்பத்தை விலக்கிவைத்து இளையோரின் மனநலத்தைப் பேண இயலாது. மகனின் பதற்றத்துக்குப் பின்னால் தந்தையின் குடியோ, கடனோ, வீட்டுச் சண்டையோ இருக்கக்கூடும். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் அவர்களைத் துணையாக்கிக்கொள்வது தனித்திறன். அதற்கெனத் தனிப் பயிற்சி வேண்டும். ரகசியத்தின் எல்லையும் ஆலோசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் வன்கொடுமை குறித்து அறிய நேர்ந்தால், போக்ஸோ சட்டத்தின்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதை முன்கூட்டியே மாணவரிடம் எடுத்துச் சொல்லாத ஆலோசகர் பின்னர் அவரது நம்பிக்கையை இழக்க நேரிடும்.

செய்ய வேண்டியவை எட்டாதவை அல்ல. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகளையும் மாவட்ட மனநலத் திட்டக் குழுக்களையும் பள்ளி, கல்லூரி ஆலோசகர்களின் மேற்பார்வை மையங்களாக்கலாம். மேற்பார்வைக்குச் செலவிடும் நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கிட வேண்டும். பிறர் துயரை நாள்தோறும் கேட்கும் ஆலோசகர்களின் மனச்சோர்வுக்கும் ஆறுதல் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

எத்தனை பேருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது என்று கணக்கெடுப்பது எளிது. ஓராண்டுக்குப் பின் அவர்களில் எத்தனை பேர் மேற்பார்வையுடன் பணியாற்றுகிறார்கள், எத்தனை மாணவர்கள் உரிய நேரத்தில் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையே அரசு கேட்க வேண்டும். உதவி தேடி வரும் பிள்ளைக்கு நியமன ஆணையைவிட, கேட்கத் தெரிந்த ஒருவரே தேவை.