'டூம்' கேமின் 'வேட்' ஃபைலுக்குள் என்ன இருக்கு? ஓப்பன் செய்வது எப்படி?

பழைய கேம் ஃபோல்டரில் 'வேட்' என்று முடியும் ஒரு ஃபைலைப் பார்த்திருக்கிறீர்களா? கிளிக் செய்தால், "இதை எந்த ஆப்பில் திறக்கணும்?" என்று கம்ப்யூட்டர் நம்மையே திருப்பிக் கேட்கும். அது என்ன ஃபைல்? வாங்க, பார்க்கலாம்.

வேட் ஃபைல் என்றால் என்ன?

அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று 'டூம்' கேமை வெளியிட்டது. கேமை இயக்கும் புரோகிராம் தனி. படம், சத்தம், இசை, மேப் எல்லாம் தனியாக ஒரே வேட் ஃபைலில். 'எல்லா டேட்டாவும் எங்கே?' என்ற ஆங்கிலக் கேள்வியின் சுருக்கம்தான் இந்தப் பெயர்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்?

முந்தைய கேமான 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி'யில் ரசிகர்கள் புது மேப் சேர்க்க, ஒரிஜினல் ஃபைலையே மாற்ற வேண்டியிருந்தது. டூமில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரிஜினல் ஃபைல் 'ஐவேட்'. ரசிகர்கள் செய்யும் கூடுதல் ஃபைல் 'பிவேட்'. ஒரிஜினலைத் தொடாமலேயே அதன் மேல் இதை ஏற்றி விளையாடலாம்.

உள்ளே எப்படி இருக்கும்?

ஒரு புத்தகம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

* முதல் 12 பைட் அட்டை மாதிரி. முதல் 4 பைட்டில் ஐவேடா, பிவேடா என்று இருக்கும். அடுத்த 4 பைட், மொத்தம் எத்தனை துண்டுகள் என்று சொல்லும். கடைசி 4 பைட், பொருளடக்கம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும்.
* பொருளடக்கத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் 16 பைட். இருக்கும் இடத்துக்கு 4, அளவுக்கு 4, பெயருக்கு 8. அதனால்தான் எந்தப் பெயரும் 8 எழுத்தைத் தாண்டாது.
* இந்தத் துண்டுகளுக்கு 'லம்ப்' என்று பெயர். உதாரணமாக, 'பிளேபால்' என்ற லம்ப்பில் கேமின் நிறங்கள் இருக்கும். ஒரு செட்டுக்கு 256 நிறம், மொத்தம் 14 செட். அடி வாங்கினால் திரை சிவப்பாவது இந்த செட் மாறுவதால்தான்!

சரி, எப்படி ஓப்பன் பண்றது?

1. கம்ப்யூட்டரில் 'ஸ்லேட்' என்ற இலவச மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வ தளத்தில் இருந்து இன்ஸ்டால் செய்யுங்கள்.
2. வேட் ஃபைலை காப்பி எடுத்து, அந்தக் காப்பியை மட்டும் திறங்கள்.
3. லம்ப் பட்டியல் வரும். பட லம்ப்பையோ மேப் லம்ப்பையோ கிளிக் செய்தால் அது தெரியும்.
4. மாற்றம் செய்தால் புது பிவேடாக சேவ் செய்யுங்கள்.

இதில் கவனம் தேவை!

டூமின் சோர்ஸ் கோடு 1997-லேயே பொதுவில் வெளியானது. ஆனால் வேட் ஃபைலில் உள்ள படம், இசை, மேப் எல்லாவற்றுக்கும் காப்புரிமை இன்னும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய முழு ஃபைலை நண்பர்களுக்கு அனுப்பக் கூடாது. இலவசமாக வேண்டுமா? முதல் பாகம் மட்டும் உள்ள ஷேர்வேர் ஃபைல் இருக்கு. ரசிகர்கள் சொந்தமாக உருவாக்கிய 'ஃப்ரீடூம்' ஃபைலும் இருக்கு.

இன்னொன்று: வேட் வெறும் டேட்டா. அது தானாக ஓடாது. "வேட் ஃபைல்" என்று சொல்லி ஒரு தளம் இன்ஸ்டால் செய்யச் சொல்லும் புரோகிராமையோ, ஏபிகே ஃபைலையோ தந்தால், உஷார்! அது வேட் இல்லை, உடனே டெலிட் செய்துவிடுங்கள்.

30 ஆண்டுகள் கடந்தும் டூமுக்குப் புதுப்புது மேப் வருகிறது. டேட்டாவைத் தனியாகப் பிரித்து, ரசிகர்கள் கைவைக்க வழிவிட்டது அதற்கு முக்கியக் காரணம்.