ஆற்றங்கரைக்குச் செய்தி வரும் வழி

எங்கள் ஊர் மல்வானை. கம்பஹா மாவட்டத்தில், களனி கங்கையின் வடகரையில் இருக்கிறது. ஊரின் பெயரைச் சொன்னவுடன் கேட்பவர்கள் றம்புட்டானைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் வீதியோரங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பழக்குலைகள் தொங்கும். ஆறு கொண்டுவந்து போட்ட மண்தான் பழத்துக்கு அந்த இனிப்பைக் கொடுக்கிறது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மண்ணைக் கொண்டுவந்த அதே ஆறு சில வருடங்களில் எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிடுகிறது.

ஆற்றங்கரையில் வாழும் ஒரு குடும்பத்துக்குச் செய்தி எப்போது வந்தது, எப்படி வந்தது என்பது மிகவும் முக்கியம். அரை மணித்தியாலம் முந்தி வந்தால் ஒரு அலுமாரியைக் காப்பாற்றலாம். பிந்தி வந்தால் பிள்ளைகளை மட்டும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் ஊரில் செய்தி எப்படிப் பரவுகிறது, வெள்ளச் செய்தி மட்டும் ஏன் பிந்துகிறது என்பதை நான் பார்த்த அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

ஊர்ச் செய்தியும் ஜனாஸா அறிவித்தலும்

எங்கள் ஊரில் செய்திக்குப் பல வழிகள் உண்டு. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசுவார்கள். சில்லறைக் கடையில் பேசுவார்கள். றம்புட்டான் காலத்தில் பெண்கள் விறாந்தையில் உட்கார்ந்து பழங்களை நூறு நூறாக எண்ணிக் கட்டும்போது, யார் வீட்டில் கல்யாணம், யாருடைய மகன் வெளிநாடு போகிறான், எந்த வீதிக்குக் கொங்கிறீட் போடப் போகிறார்கள் என்பதெல்லாம் எண்ணப்பட்டுவிடும்.

இவை எல்லாவற்றிலும் வேகமாகப் பரவுவது ஜனாஸாச் செய்திதான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டாலே உம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வருவார். அந்த அறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. காலமானவர் யார், அவர் யாருடைய கணவர், யாருடைய வாப்பா, ஜனாஸா எந்த வீட்டில் இருக்கிறது, எத்தனை மணிக்கு அல்லது எந்தத் தொழுகையின் பின் நல்லடக்கம் என்று வரிசையாகச் சொல்லி, இரண்டு தடவை திரும்பச் சொல்வார். கேட்டு முடிந்ததும் சந்தேகம் எதுவும் மிஞ்சாது. யார் மையித்து வீட்டுக்குப் போவது, யார் தேநீர் கொண்டுபோவது, யார் பிள்ளைகளைப் பார்ப்பது என்று பெண்கள் வேலியடியில் நின்றே முடிவெடுத்துவிடுவார்கள்.

வெள்ளச் செய்தி அப்படி வருவதில்லை. அதை நாங்கள் படித்துக்கொண்டது 2016 ஆம் ஆண்டில்.

அந்த மே மாதம்

அப்போது நான் தரம் நான்கில் படித்தேன். மே மாத நடுப்பகுதியில் நாடெங்கும் கடும் மழை. அரநாயக்கவில் மண்சரிவு ஏற்பட்டது அந்த வாரத்தில்தான். நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. உம்மா பெருநாள் உடுப்புகள் தைக்கத் தொடங்கியிருந்தார். ஊரார் கொடுத்த துணிகள், ஒவ்வொன்றிலும் அளவு எழுதிய தாளைக் குத்தி, தையல் இயந்திரத்தின் பக்கத்தில் பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தன. வாப்பா கொழும்பில் வேலை. வீதிகளில் தண்ணீர் ஏறியதால் அன்று அவரால் வீடு திரும்ப முடியவில்லை. வீட்டில் உம்மா, உம்மும்மா, நான், தம்பி.

இஷாவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் வந்தது. ஆற்றில் தண்ணீர் கூடுகிறது, எல்லோரும் அவதானமாக இருக்கவும் என்பதுதான் அது. சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்கே கூடுகிறது, எவ்வளவு கூடியிருக்கிறது, எங்கள் பக்கம் எப்போது வரும், நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற எதுவும் அதில் இருக்கவில்லை. உம்மா உம்மும்மாவிடம் கேட்டார். உம்மும்மாவுக்கு 1989 ஆம் ஆண்டு வெள்ளம்தான் அளவுகோல். "எண்பத்தொன்பதிலயே ரெண்டாம் படியோட நின்ட தண்ணி. உள்ளுக்கு வராது மகள்" என்றார். நாங்கள் படுத்துவிட்டோம்.

நடுச்சாமத்தில் தம்பியின் பாய் நனைந்திருந்தது. ஆறு இருக்கும் பக்கம் வாசல். தண்ணீர் வந்ததோ குசினிப் பக்கத்தால். உம்மா முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தினார். பிறகு எங்களை அடுத்த வீட்டு மாடிக்கு ஏற்றினார். திரும்பி இறங்கி காணி உறுதியை எடுத்துவந்தார். மூன்றாவது தடவை இறங்க அடுத்த வீட்டு மாமி விடவில்லை. தையல் இயந்திரமும் துணிப் பெட்டியும் கீழேயே நின்றுபோயின.

அந்த ஆண்டு வெசாக் போயா மே 21. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள சிங்களக் குடும்பங்கள் தன்சலுக்கென்று சேர்த்து வைத்திருந்த அரிசியையும் பருப்பையும் சமைத்து எங்களுக்கும் பார்சல் அனுப்பினார்கள். எங்கள் பள்ளிவாசலில் சமைத்த சோறும் எல்லா வீடுகளுக்கும் போனது. அந்த நாட்களை நினைக்கும்போது இது எனக்கு மிகவும் ஆறுதலான நினைவு. ஆனால் தண்ணீர் வடிந்த பின் உம்மா ஒவ்வொரு வீடாகப் போய், பெருநாளுக்குத் துணி தந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டதையும் நான் மறக்கவில்லை. யாரும் கோபிக்கவில்லை. இரண்டு வீட்டார் பணமும் வாங்க மறுத்துவிட்டார்கள். ஆனாலும் உம்மா மற்றவர்களின் துணிக்கடனை அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரை தைத்துத் தைத்துத் தீர்த்தார்.

ஆறு எப்படி வருகிறது?

பின்னாளில் புவியியல் பாடம் படித்தபோதுதான் உம்மும்மாவின் கணக்கு எங்கே பிழைத்தது என்பது எனக்கு விளங்கியது.

களனி கங்கை மத்திய மலைநாட்டில் பிறந்து சுமார் 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்புக்கு வடக்கே கடலில் சேர்கிறது. கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்பன சேர்ந்து பிரதான ஆறாகின்றன. கித்துல்கலையைத் தாண்டி வரும்போது தெரணியகலப் பக்கமிருந்து சீதாவக்கை ஆறும், இன்னும் பல ஓயாக்களும் கலக்கின்றன. அவிசாவளை வரை ஆறு சரிவில் வேகமாக இறங்குகிறது. அதன் பின் நிலம் தட்டையாகிவிடுவதால் வேகம் குறைந்து, தண்ணீர் பக்கவாட்டில் பரவுகிறது. நாங்கள் இருப்பது அந்தத் தட்டை நிலத்தில்.

இதனால்தான் எங்கள் முற்றத்தில் வெயில் எறிக்கும்போதும் வெள்ளம் வரலாம். மலையில் பெய்த மழை எங்களிடம் வந்து சேரப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். "அணையைத் திறந்துவிட்டார்கள்" என்ற கதை ஒவ்வொரு வெள்ளத்திலும் பரவும். காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் ஆற்றின் மேற்பகுதியில் உள்ளன. ஆனால் சீதாவக்கை ஆறு போன்ற கிளைகளில் அவ்வளவு பெரிய நீர்த்தேக்கங்கள் இல்லை. ஆகவே எந்த அணையும் திறக்கப்படாமலே மழைநீரால் மட்டும் ஆறு பெருகக்கூடும்.

அடுத்தது, தண்ணீர் ஏன் பின்பக்கத்தால் வந்தது என்பது. ஆறு உயர்ந்தால் அதில் விழும் கால்வாய்களின் தண்ணீர் வெளியேற முடியாமல் பின்னோக்கித் தள்ளப்படும். கால்வாய் நிரம்பி வயலுக்கும், வயலிலிருந்து வீட்டுக்கும் ஏறும். ஆற்றின் கரை இன்னும் நிரம்பாதபோதே பள்ளமான வீடுகள் மூழ்குவது இதனால்தான். கொழும்பு நாகலகம் வீதி அளவீட்டின்படி 1989 வெள்ளம் 9 அடியைத் தாண்டியது. 2016 வெள்ளம் 7 அடியைத் தாண்டியது. அப்படிப் பார்த்தால் எண்பத்தொன்பதே பெரிது. ஆனால் அன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல் இருந்தது. 2016 இல் அந்த வயல் மண் நிரப்பப்பட்டு வீடுகளாகியிருந்தது. தண்ணீர் தங்குவதற்கு இருந்த இடத்தில் நாங்கள் குடியிருந்தோம். உம்மும்மாவின் நினைவு சரியாகத்தான் இருந்தது. நிலம்தான் மாறிவிட்டது.

இலக்கங்களை வாசித்தல்

நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் பல இடங்களில் நீர்மட்டத்தை அளக்கிறது. நோர்வூட், கித்துல்கல, தெரணியகல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி என்பன அவற்றுள் சில. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இந்த அளவுகளை வெளியிடுகிறது. 117 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

மல்வானை இருப்பது ஹங்வெல்லைக்குக் கீழே, நாகலகம் வீதிக்கு மேலே. எனவே ஹங்வெல்ல அளவு எங்களுக்கு என்ன வரப்போகிறது என்பதைச் சொல்லும். நாகலகம் வீதி அளவு, வந்த தண்ணீர் கடலுக்கு இறங்குகிறதா, தேங்கி நிற்கிறதா என்பதைச் சொல்லும்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. ஹங்வெல்லையில் அளப்பது மீற்றரில். நாகலகம் வீதியில் அடியில். ஹங்வெல்லையில் 7 மீற்றர் என்றால் எச்சரிக்கை மட்டம், 8 மீற்றர் சிறு வெள்ளம், 10 மீற்றர் பெருவெள்ளம். நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஆகவே "ஏழு ஆகிவிட்டது" என்று மட்டும் ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தால், ஓரிடத்தில் அது ஆயத்தமாகுங்கள் என்று பொருள்படும். மற்ற இடத்தில் வெள்ளம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள்படும்.

2024 ஜூன் மாதத்தில் ஆறு மீண்டும் பெருகியபோது, எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கு அளவுகளை அனுப்பும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என் முதல் செய்தியே பிழைத்துப்போனது. ஹங்வெல்ல அளவை எழுதினேன், நேரத்தை எழுத மறந்துவிட்டேன். அடுத்த நாள் பகல் கொழும்பிலிருந்து சாச்சி பதறியடித்துக்கொண்டு எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். பார்த்தால், முந்திய நாள் நான் எழுதியது. பல கைகள் மாறி, புதுச் செய்தியாக என்னிடமே திரும்பி வந்திருந்தது. செய்தி வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் படித்திருக்கிறோம். அதைக் கேட்பவருக்குரிய கடமை என்றே நினைத்திருந்தேன். தெளிவாக எழுதுவது அனுப்புபவரின் கடமை என்பது அன்றுதான் உறைத்தது.

அதன் பின் ஜனாஸா அறிவித்தலின் ஒழுங்கையே எடுத்துக்கொண்டேன். எந்த இடத்து அளவு, எத்தனை மணிக்கு எடுத்தது, எவ்வளவு, கூடுகிறதா குறைகிறதா, நம் ஒழுங்கையில் தண்ணீர் இப்போது எங்கே நிற்கிறது, என்ன செய்ய வேண்டும் என்ற ஆறு விடயங்கள். இவற்றில் ஒன்று தெரியாவிட்டாலும் கேட்டறிந்த பின்பே அனுப்பினேன். சிங்கள அயலவர்களுக்கு என் தோழி சிங்களத்தில் குரல் பதிவாக அனுப்பினாள். போன் இல்லாத வீடுகளுக்குத் தம்பி நடந்துபோய்ச் சொன்னான்.

செய்தி யாருக்கு?

பெற்றோர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பகலில் தண்ணீர் வரும்போது வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும்தான். ஆனால் ஊரின் வட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வேலைத்தலத்தில் இருக்கும் வாப்பா செய்தியைக் கண்டு, நேரம் கிடைத்து, வீட்டுக்கு அழைத்துச் சொல்லும் வரை உம்மா காத்திருக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்கென்று தனிக் குழு ஒன்று தொடங்கியதால் 2024 இல் அந்த இடைவெளி குறைந்தது. தண்ணீர் குசினிப் படிக்கு வருமுன்பே மெயின் சுவிட்ச் நிறுத்தப்பட்டது. கேஸ் சிலிண்டர் கட்டிவைக்கப்பட்டது. பாடப் புத்தகங்கள் மேலே ஏறின. வடிந்த பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணறுகளுக்குக் குளோரின் இட வரும் நாளும், எலிக் காய்ச்சல் பற்றிய அறிவுறுத்தலும் அதே குழுவில்தான் வந்தன.

சகோதரிகளே, உங்கள் ஊர் மகாவலிக் கரையில் இருக்கலாம், களு கங்கை, நில்வளா கங்கைக் கரையில் இருக்கலாம். உங்களுக்கு மேலே உள்ள அளவீட்டு இடம் எது, அதன் எச்சரிக்கை மட்டம் எவ்வளவு என்பதைத் தேடி எழுதி வையுங்கள். அங்கே அந்த இலக்கம் வந்தபோது உங்கள் வீட்டுப் படியில் தண்ணீர் எங்கே நின்றது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். உம்மும்மாவிடம் கேட்டும் எழுதுங்கள். அதற்குப் பின் நிலத்தில் என்ன மாறியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் கொப்பி இப்போது தையல் இயந்திரத்துக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. இயந்திரத்தை மேசைமேல் தூக்கிவைக்க எத்தனை பேர் தேவை என்பதையும் உம்மா அதன் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பேர் போதும். ஒருவர் உம்மா, மற்றவர் நான்.