சாவி யார் கையில்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே லேத் பட்டறை வைத்திருப்பவர், இரவு வீடு திரும்புமுன் ஷட்டரை இறக்குகிறார், பூட்டுகிறார், பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்க்கிறார். நல்ல பழக்கம்! ஆனால் உள்ளே மேசை மீது பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே வைஃபை பெட்டி, அதன் கதவு? அது ஷட்டருக்குள் அடங்குவதில்லை. சுவரைத் தாண்டித் தெருவிலே நிற்கிறது. ஆவடிக் குடியிருப்புகளிலும், பூந்தமல்லிக் கடைத்தெருவிலும், ஏன், நமது சங்க அலுவலகங்களிலும் படிப்பகங்களிலுங்கூட இதே கதைதான்.

"என்ன குடிமுழுகிப் போயிற்று? பக்கத்து வீட்டுப் பையன் நாலு சினிமா பார்ப்பான், அவ்வளவுதானே!" என்று பெருந்தன்மை பேசும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு 2008-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சற்று முன்பு பத்திரிகை, தொலைக்காட்சி நிலையங்களுக்கு மின்னஞ்சல் பறந்தது. எங்கிருந்து வந்தது என்று துருவிச் சென்ற போலீஸ் போய் நின்ற இடம் எது? நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு! அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள். விசாரணை அவருக்கு, பறிமுதலானவை அவருடைய கணினிகள். செப்டம்பரில் டெல்லி வெடித்தபோதும், மின்னஞ்சலின் தடம் மும்பை செம்பூரில் இருந்த ஒரு நிறுவனத்தின் வைஃபையில் போய் முடிந்தது. அமெரிக்கருக்கு வக்கீல் கிடைப்பார். நம் தொழிலாளி ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கு ஷிப்ட் கூலியை யார் தருவார்?

கம்பி இழுத்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போகும் பையனைக் குறைசொல்வதற்கில்லை. அவனுக்கு அன்று இன்னும் எத்தனை வீடுகளோ! வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போகிறான். அங்கேதான் வினை. கைப்பேசி ஒன்று பெட்டியோடு இணையும்போது இரண்டும் காற்றிலே பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சைத் தெருவில் நிற்பவன் பதிவு செய்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அங்கே ஆற அமர ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். பத்து இலக்க எண்கள் முழுவதையும் சலித்தெடுக்க, நல்ல விளையாட்டுக் கணினி ஒன்றுக்குச் சில மணி நேரம் போதும். தொடர்பில்லாத ஐந்து சொற்களைக் கோத்து வையுங்கள், அவன் ஆயுளுக்கும் உட்கார்ந்திருக்கட்டும்! தலைவரின் பிறந்த நாளை வைக்கும் தோழர்கள் மன்னிக்க: எதிர்க்கட்சிக்காரன் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

சரி, மாற்றுவது எப்படி? கணினிக்கு எங்கே போவது? 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்திலே மாணவர்களுக்குக் கிடைத்த மடிக்கணினிகள் எத்தனை அலமாரிகளில் தூங்குகின்றன! அவற்றிலே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, சி-டாக் உருவாக்கியது. லினக்ஸோ, 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது; காசு கேட்காதது; உள்ளே இருப்பதை யாரும் திறந்து படிக்கத்தக்கது. உங்கள் வைஃபை பெட்டிக்குள் ஓடுவதும் பெரும்பாலும் அதுதான்! பழைய பதிப்பென்றால் புதிய லினக்ஸ் ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியைப் பெட்டியோடு கம்பியால் இணையுங்கள். டெர்மினலைத் திறந்து 'ஐபி ரூட்' என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் தட்டினால், 'டீஃபால்ட் வயா' என்பதை அடுத்து ஓர் எண் தெரியும். பலவற்றில் அது 192.168.1.1. அதைப் பிரவுசரில் போட்டால் பெட்டியின் உள்வாசல் திறக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சாவி ஒன்றல்ல, இரண்டு. வைஃபைக்கு ஒன்று, பெட்டியையே ஆள ஒன்று. முதலாவதை மாற்றுவோர் இரண்டாவதை 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறார்கள். 2016-இல் 'மிராய்' என்ற நச்சுநிரல், இப்படி ஆலையிலேயே வைத்த பாஸ்வேர்டுகள் அறுபத்துச் சொச்சத்தை வைத்துக்கொண்டே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் பெட்டிகளையும் பிடித்து ஆட்டியது. முதலில் அந்தச் சாவியை மாற்றுங்கள்.

பிறகு பாதுகாப்பு வகை. 'வெப்' என்பது 2001-லேயே உடைபட்டுவிட்டது, அதைத் தொடாதீர்கள். டபிள்யூபிஏ-2, அல்லது 2018-இல் வந்த டபிள்யூபிஏ-3. 'டபிள்யூபிஎஸ்' என்ற பொத்தான் வசதியை அணைத்துவிடுங்கள்: எட்டு இலக்கப் பின் எண்ணை அது பாதி பாதியாகச் சரிபார்ப்பதால், பதினோராயிரம் முயற்சிகளுக்குள் கதவு திறந்துவிடும் என்பது 2011-லேயே வெளிவந்த உண்மை. வெளியிலிருந்து பெட்டியை ஆளும் வசதியையும் மூடுங்கள். பெயரை மறைத்துவைத்தால் போதும் என்பது வெறும் சடங்கு.

முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட்டு, லினக்ஸின் வைஃபை பட்டியலைப் பாருங்கள். உங்கள் பெயரோடு பூட்டுக் குறி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெயரில் பூட்டு இல்லையென்றால் உள்ளே நுழையாதீர்கள், கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.

படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உறுப்பினர் பட்டியல் இருக்கும் கணினிக்கு ஒரு வைஃபை, வருவோருக்கு 'கெஸ்ட்' என்று தனி வைஃபை. பெட்டியிலேயே பெரும்பாலும் இதற்கு வழி உண்டு. அந்தச் சாவியையும் வாசற் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் பெயரெழுதியவருக்கு மட்டும் சொல்லுங்கள்.