மருந்து செலுத்தலில் சைக்ளோடெக்சுட்ரின்கள்

சைக்ளோடெக்சுட்ரின்கள் என்பவை குளுக்கோசு அலகுகள் வளையமாகப் பிணைந்து உருவாகும் சர்க்கரைச் சேர்மங்கள் ஆகும். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் மாவுப்பொருளுடன் பாக்டீரியாக்களிலிருந்து கிடைக்கும் ஒரு நொதியை வினைபுரியச் செய்து இவை பெறப்படுகின்றன. நீரில் கரையாத மருந்துகளைக் கரையச் செய்யும் துணைப்பொருளாக இவை மருந்தியலில் பயன்படுகின்றன. கரையாத மருந்து வயிற்றுக்குள் சென்றாலும் குருதியில் போதிய அளவு சேர்வதில்லை. அதனைச் சிரை வழியாகச் செலுத்துவதும் இயலாது. எனவே நோய்க்கிருமியை அழிக்கும் ஆற்றல் இருந்தும் பயன்படாமற் போகும் மருந்துகள் பல உள்ளன.

அமைப்பு

குளுக்கோசு அலகுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இவை ஆல்பா (6), பீட்டா (7), காமா (8) என மூன்று முதன்மை வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. இம்மூலக்கூறு அடியில்லாத வாளியைப் போன்ற வடிவம் உடையது. வாளியின் வெளிப்புறம் நீரை நாடும். உட்புறம் ஒப்பளவில் நீரை விலக்கும். ஆகவே நீரை விலக்கும் மருந்து மூலக்கூறு, முழுமையாகவோ அதன் ஒரு பகுதியோ, வாளிக்குள் புகுந்து தங்குகிறது. வெளிப்புறம் நீருடன் இணங்குவதால் இரண்டும் சேர்ந்து கரைகின்றன. இவற்றுக்கிடையே சகப்பிணைப்பு ஏதும் உருவாவதில்லை. உடலுக்குள் சென்று கரைசல் நீர்த்தவுடன் மருந்து வெளியேறித் தன் வேலையைத் தொடங்குகிறது.

வரலாறு

1891இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த வில்லியர் என்பவர் இப்பொருளை முதன்முதலில் குறிப்பிட்டார். 1903 முதல் ஆத்திரிய அறிவியலாளர் சார்டிங்கர் இதனை விரிவாக ஆராய்ந்தார். மருந்துகளில் இதனைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமையை 1953இல் செருமனியின் பிராய்டன்பர்க்கும் அவருடைய குழுவினரும் பெற்றனர். சைக்ளோடெக்சுட்ரின் சேர்ந்த முதல் மருந்து 1976இல் சப்பானில் விற்பனைக்கு வந்தது.

இயற்கையான பீட்டா வகை 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 18.5 கிராம் மட்டுமே கரையும். ஊசிவழி செலுத்தினால் சிறுநீரகத்திற்குத் தீங்கு விளைவிக்கும். எனவே ஐதராக்சிபுரோப்பைல், சல்போபியூட்டைல் ஈதர் ஆகிய தொகுதிகள் சேர்க்கப்பட்ட மாற்றுருக்கள் உருவாக்கப்பட்டன.

ரெம்டெசிவிர்

2021 ஏப்ரல், மே மாதங்களில் சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் குப்பிகளுக்காகக் கொரோனா நோயாளிகளின் உறவினர்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தனர். இந்தியாவில் இம்மருந்தை எட்டரோ, சிப்லா நிறுவனங்கள் தயாரித்து விற்க 2020 சூனில் ஒப்புதல் வழங்கப்பட்டிருந்தது.

ரெம்டெசிவிர் நீரில் கரையாது. இதனை முதலில் உருவாக்கிய கிலியட் நிறுவனத்தின் உலர்தூள் குப்பி ஒன்றில் 100 மில்லிகிராம் மருந்தும், 3 கிராம் சல்போபியூட்டைல் ஈதர் பீட்டா-சைக்ளோடெக்சுட்ரினும் உள்ளன. அதாவது மருந்தைப் போல் 30 மடங்கு எடையுள்ள சர்க்கரைச் சேர்மம் அதனைச் சுமந்து செல்கிறது. முதல் நாள் 200 மில்லிகிராமும் அடுத்த நான்கு நாட்கள் 100 மில்லிகிராமும் பெறும் ஒருவரின் உடலில் மொத்தம் 18 கிராம் சைக்ளோடெக்சுட்ரின் சேருகிறது.

கரையச் செய்வது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு என்பதை இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் மருத்துவமனை நோயாளிகளுக்கு இம்மருந்தைப் பரிந்துரைக்கவில்லை. 2022இல் புதிய ஆய்வுகளின் அடிப்படையில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் நிபந்தனையுடன் பரிந்துரைத்தது.

வரம்புகள்

* சல்போபியூட்டைல் ஈதர் வகை சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. இதனால் சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ரெம்டெசிவிர் தொடக்கத்தில் பரிந்துரைக்கப்படவில்லை. 2023 சூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் இக்கட்டுப்பாட்டை நீக்கியது.
* தனித்த மருந்து மூலக்கூறுகளே குடற்சுவரைக் கடக்கின்றன. தேவைக்கு மேல் சைக்ளோடெக்சுட்ரின் சேர்த்தால் மருந்து வாளிக்குள்ளேயே தங்கி, உட்கவர்தல் குறையும்.
* மிகுந்த அளவில் உட்கொள்ள வேண்டிய மருந்துகளுக்கு இம்முறை ஏற்றதன்று; மாத்திரை விழுங்க இயலாத அளவுக்குப் பெரிதாகிவிடும்.

துணிவழி மருந்து செலுத்தல்

தோலின் மீது மருந்தை மெதுவாக விடுவிக்கும் துணிகளிலும் சைக்ளோடெக்சுட்ரின்கள் ஆராயப்படுகின்றன. அனுப்பர்பாளையம் உள்ளிட்ட திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடைத் தொழிலில் உள்ளோருக்கு இதன் வேதியியல் புதிதன்று. பருத்திக்குச் சாயமேற்றப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களுள் ஒரு பிரிவு, மோனோகுளோரோடிரையசின் தொகுதியின் உதவியால் செல்லுலோசுடன் நிலையாகப் பிணைகிறது. அதே தொகுதியைப் பீட்டா-சைக்ளோடெக்சுட்ரினுடன் இணைத்தால், அதுவும் சாயத்தைப் போலவே நூலிழையில் பிணைந்து, துவைத்தாலும் நீங்காமல் நிற்கும். துணியில் நிலைத்த வாளிகளில் மருந்தையோ நறுமணப் பொருளையோ ஏற்றலாம். தோலின் ஈரம் பட்டு அது சிறிது சிறிதாக வெளியேறும். காலியான வாளிகளை மீண்டும் நிரப்பவும் இயலும்.