கடலே இல்லாத ஓசூருக்கும் போர்க்கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? ஏவுகணை வந்தா கப்பல் எப்படித் தப்பிக்கும்?

ஓசூரிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு 300 கி.மீ.க்கு மேல். ஆனாலும் 2019 ஜனவரி 20-ல் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 மையங்களில் ஓசூரும் ஒண்ணு. டிஃபென்ஸ் காரிடார்னு சொன்னதும் விமானமும் துப்பாக்கியும்தான் ஞாபகம் வரும். கப்பலைக் காப்பாத்துற கருவிகளும் அந்தக் கணக்கில் உண்டு.

எத்தனை விநாடி கிடைக்கும்?

கப்பலைத் தாக்கும் ஏவுகணைகளில் பல, கடல் அலைக்குச் சில மீட்டர் மேலே ஒட்டியபடியே வரும். பூமி உருண்டையாச்சே, தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை கப்பலின் ரேடாருக்கு அது தெரியாது. ரேடார் 25 மீட்டர் உயரத்திலும் ஏவுகணை 5 மீட்டர் உயரத்திலும் இருந்தால், சுமார் 30 கி.மீ. தூரத்தில்தான் முதல்முறை சிக்கும். ஓசூரிலிருந்து சூளகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்.

பஸ்ஸில் நமக்கு முக்கால் மணி நேரம். விநாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணைக்கு 100 விநாடி. பிரம்மோஸ் போல ஒலியைவிட 2.8 மடங்கு வேகம்னா 30 விநாடி சொச்சம்.

அதுக்குள்ள என்ன செய்வாங்க?

2016 நவம்பர் 21-ல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னையைப் பார்ப்போம். முதலில் பராக்-8. இந்தியாவும் இஸ்ரேலும் சேர்ந்து உருவாக்கிய இந்த ஏவுகணை, எதிரி ஏவுகணையை தூரத்திலேயே போய் அடிக்கும். அதுவும் தவறினால் ஏ.கே.-630 பீரங்கி. 6 குழல், நிமிடத்துக்குச் சுமார் 5,000 குண்டு. ஆனா இது ரொம்பக் கிட்டத்தில்தான் வேலை செய்யும். ஏவுகணை உடைந்தாலும் சிதறல் கப்பல் மேல் விழலாம்.

மூணாவது வழி, ஏமாற்றுவது. ஏவுகணையின் மூக்கில் சின்ன ரேடார் இருக்கும். கப்பலிலிருந்து கிளம்பும் ‘கவச்’ ராக்கெட் வானில் வெடித்து, முடியைவிட மெல்லிய, உலோகப் பூச்சுள்ள இழைகளைத் தூவும். ‘சாஃப்’ என்பது இதுதான். ரேடார் கண்ணுக்கு அந்த இழை மேகம் இன்னொரு கப்பல். ஏவுகணை அதை நோக்கித் திரும்பும்போது நிஜக் கப்பல் நழுவிவிட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்குதுங்கிறது இங்கே உயிர்ப் பிரச்சினை.

கடற்படைக்கான 3 வகை சாஃப் ராக்கெட்டுகளை உருவாக்கியதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது டி.ஆர்.டி.ஓ.வின் ஜோத்பூர் ஆய்வகம். ஜோத்பூர் இருப்பது பாலைவனத்தில்!

கருவி இருந்தும் அடி வாங்கிய கப்பல்

2006 ஜூலை 14. லெபனான் கடலில் நின்ற இஸ்ரேலின் ஹனித் கப்பலை ஹிஸ்புல்லா ஏவுகணை தாக்கி, 4 வீரர்கள் இறந்தார்கள். கப்பலில் பராக் இருந்தது. எதிரியிடம் இப்படி ஒரு ஏவுகணை இருக்கும்னு எதிர்பார்க்காததால், தற்காப்பு அமைப்பு தயார் நிலையில் இல்லை. 2024 ஜனவரி 30-ல் செங்கடலில் அமெரிக்காவின் கிரேவ்லி கப்பலை ஹவுதி ஏவுகணை சுமார் 1.6 கி.மீ. வரை நெருங்கிவிட்டது. தானியங்கி பீரங்கிதான் கடைசி நொடியில் அதை வீழ்த்தியது.

சரி, ஓசூர்?

கப்பல் பீரங்கிக்கு இலக்கைக் காட்டும் ‘லின்க்ஸ் யூ-2’ அமைப்புக்கு 2023 மார்ச்சில் பெங்களூரு பெல் நிறுவனத்துக்கு ரூ.1,700 கோடிக்கு மேல் ஆர்டர் கிடைத்தது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் பெங்களூரு. டூவீலருக்கும் காருக்கும் நுணுக்கமாகப் பாகம் கடையும் சிஎன்சி பட்டறைகள் ஓசூரில் நிறைய இருக்கு.

சிக்கல் எண்ணிக்கையில். அந்த ஆர்டரில் மொத்தமே 13 அமைப்புகள். ஆயிரக்கணக்கில் பாகம் அடித்தே காசு பார்க்கும் பட்டறைக்கு, 13-க்காக மெஷினை நிறுத்தி செட்டிங் மாற்றுவது கட்டுப்படியாகாது. சாஃப் ராக்கெட் கணக்கு வேற. சுட்டால் தீர்ந்துவிடும், பயிற்சிக்கும் வேணும், மறுபடி வாங்கித்தான் ஆகணும். ஓசூர் பட்டறைகள் முதலில் கேட்க வேண்டியது அந்த மாதிரி ஆர்டரைத்தான்.