புன்செய் நிலமும் முதல் உழவரும்

உழவு என்றவுடன் நம்மவர் உள்ளத்தே தோன்றுவன காவிரியும் நெல்வயல்களுமே. திருவரங்கத் தீவின் பசுமையை நாடோறும் காண்பார்க்கு இஃது இயல்பு. ஆயினும் தென்னாட்டின் முதல் உழவர் ஆற்றங்கரையினர் அல்லர்; அவர் விதைத்தது நெல்லும் அன்று. துறையூரையடுத்த பச்சைமலை அடிவாரத்தில் மழையை நம்பிக் கொள்ளு விதைக்கும் புன்செய் உழவரே அவருக்கு அணுக்கமானவர். இதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஐரோப்பாவை நோக்குவோம். ஆங்கு உழவு பிறந்ததன்று; வந்தது. சிறிய ஆசியாவின் உழவர் கி.மு. 7000-ஐ ஒட்டிக் கிரேக்க நாட்டை அடைந்தனர். பின்னர்த் தன்யூப் ஆற்று வழியாக ஒரு சாராரும், மத்தியதரைக் கடலோரமாக மற்றொரு சாராரும் பரவினர். கி.மு. 4000 அளவில் பிரித்தானியத் தீவிலும் கோதுமை விளைந்தது. கோதுமை, வாற்கோதுமை, ஆடு என்பன யாவும் அவர் உடன்கொணர்ந்தவை. தொழில் மட்டும் செவிவழிப் பரவியதோ, மக்களே பெயர்ந்தனரோ என்னும் நெடுநாள் வழக்கினைப் பண்டை எலும்புகளின் மரபணு ஆராய்ச்சி தீர்த்தது: பெரும்பாலும் மக்களே பெயர்ந்தனர்.

தென்னாட்டின் கதை வேறு. கி.மு. 3000-ஐ ஒட்டி, இன்றைய பல்லாரி, இராய்ச்சூர்ப் பகுதிகளில் மாடு மேய்ப்போர் சிலர் பட்டியமைத்து வாழ்ந்தனர். சாணத்தைக் குவித்து மீண்டும் மீண்டும் எரித்தமையால் அவர் விட்டுச்சென்ற சாம்பல் மேடுகள் குன்றுகள்போல் நிற்கின்றன. அம்பியை அடுத்த ஒரு மேட்டினை வாலியை எரித்த சாம்பல் என்று அவ்வூரார் கூறுவர். 1957-இல் ஆல்சின் என்னும் அறிஞர் தெலங்கானத்து உட்னூரில் இத்தகைய மேடொன்றை அகழ்ந்தபோது, பட்டியின் வேலியிட்ட குழிகளையும் மாட்டின் குளம்புச் சுவடுகளையும் கண்டார். நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னர் மிதித்த சுவடு! செல்வத்திற்கு ‘மாடு’ என்றொரு பெயர் நம் மொழியில் வழங்குவதை இவ்விடத்து நினையாதிருத்தல் இயலவில்லை.

ஆடு மேற்காசியாவிலிருந்து வந்தது; திமில் மாடு சிந்துவெளிப் பக்கத்தே முதலிற் பழக்கப்பட்டது. வித்தோ பெரும்பாலும் இந்நாட்டினதே. அம்மக்களின் அடுப்புச் சாம்பலிலும் குப்பையிலும் கரிந்து கிடந்தவை கொள்ளும், பாசிப்பயறும், கன்னடத்தார் ‘கொரலே’ எனும் சிறுதானியமும் ஆம். இவை கார்மழையில் முளைத்துக் குறுகிய காலத்தில் விளைபவை. கோதுமையும் வாற்கோதுமையும் கி.மு. 2000 அளவில் வடக்கிலிருந்து வந்தும், குளிர்காலமும் நீர்ப்பாய்ச்சலும் வேண்டுவன ஆதலின், பெரிதும் வேரூன்றவில்லை. ‘நமது’ என்று நாம் பெருமை பாராட்டும் கேழ்வரகும் சோளமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தினவே. நெல் இந்நாட்டிற் பெருகியது இரும்பு வழங்கிய பின்னர். விடுதியிற் கொள்ளுத் துவையலைக் கண்டு முகஞ்சுளிக்கும் நண்பர்கள் இவ்வரிசையைச் சற்றே எண்ணுவாராக. குதிரைக்கு இடும் உணவென்று அவர் இகழ்வதே இங்கு மூத்த உணவு.

இவ்வாழ்க்கை தெற்கு நோக்கிப் பரவி நம்மை எய்தியதற்குச் சான்று திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளி. இந்தியத் தொல்லியல் துறையார் 1960-களில் ஆங்கு அகழ்ந்து, நிலத்தைக் குடைந்து அமைத்த குழிவீடுகளையும், கையால் வனைந்த சாம்பல்நிறக் கலங்களையும், தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகளையும், கொள்ளு பயறு ஆகியவற்றையும் கண்டனர். அம்மக்கள் ஆற்று வண்டலை நாடாது மலைச்சரிவையே நாடினர். காடு வெட்டக் கோடரி இருந்தது. ஆற்றைத் தடுக்கக் கருவியும் ஆட்படையும் இல்லை.

இத்தகைய கோடரிகள் கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகளில் மிகுதி. காவிரிக்குத் தெற்கே அரிது. துறையூருக்கு மேற்கே தோன்றும் கொல்லிமலையும், அதற்கு அப்பாலுள்ள சேர்வராயன் மலையும் அவ்வுழவர் உலகின் தென்னெல்லையை ஒட்டியவை. பல்லாவரத்தில் 1863-இல் பழங்கற்கருவியைக் கண்டெடுத்த புரூசு பூட்டு என்னும் நிலவியலார் (தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் ஐயரின் மருகர் இவர்) சேர்வராயன் மலையிலும் கோடரிகள் பல திரட்டினார். அவர்தம் திரட்டு 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விலைக்கு வாங்கப்பட்டது. அம்மலையூர்களில் உழும்போது அகப்பட்ட கோடரிகளை மக்கள் வீசியெறிந்திலர். மரத்தடிப் பிள்ளையார் முன்னர் அடுக்கிவைத்து வழிபட்டு வந்தனர்.