கேட்பானா, செவிமடுப்பானா?

'கேள்' என்னும் வினை தமிழில் வினவுதலையும் செவிசாய்த்தலையும் ஒருங்கே குறிக்கும். நிரலாக்கத்தில் இவையிரண்டும் வெவ்வேறு நெறிகள்.

பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குரிய 1.40 ரிங்கிட் சுங்கக் கட்டணம் 2019 ஜனவரி 1 முதல் நீக்கப்பெற்றது. பிறைச் சுங்கச்சாவடிக்கு ஜாவா மொழியில் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். பாலம் பொருள், கட்டணம் அதன் பண்பு. 'கட்டணம் மாறிற்றா?' என அறிவிப்புப் பலகை நொடிதோறும் வினவுவது வீணுழைப்பு. மாறாக, பலகை பாலத்திடம் ஒருமுறை பதிந்துகொள்ளும். பண்பு மாறியதும் அதன் பெயர், பழைய மதிப்பு 1.40, புதிய மதிப்பு 0 ஆகியவற்றைப் பாலமே தெரிவிக்கும். மதிப்பு மாறாவிடின் அறிவிப்பும் இல்லை.

இவ்வாறு பதிந்து காத்திருக்கும் உறுப்பைக் 'கேட்பான்' என்றால், வினவுவதே அதன் தொழில் என மாணவர் மயங்குவர். ஆதலின் 'செவிமடுப்பான்' என்பதே தகும் என்பது எம் துணிபு.